புரியாத பாடமும் புரோகித மந்திரமும்

நம்முடைய நாட்டில் புரிகின்ற பேச்சுக்கு இருக்கிற மரியாதையைவிடப் புரியாத பேச்சுக்கு இருக்கிற மரியாதை எப்போதும் அதிகம். கலியாண வீட்டில் புரோகிதர் சொல்லுகிற மந்திரத்துக்கு என்ன அர்த்தமென்று மாப்பிள்ளைக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது, பந்தலில் கூடியிருக்கிற ஆயிரம் பேருக்கும் தெரியாது. பல இடங்களில் சொல்லுகிற புரோகிதருக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதற்கு மதிப்பு. தெரிந்துவிட்டால் எவனாவது எழுந்து, “ஏனய்யா, இந்த வார்த்தைக்கும் இந்தக் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டுவிடுவான் அல்லவா? சுயமரியாதைக்காரர்கள் 1925 முதல் இதைச் சொல்லிச் சொல்லித்தான் புரோகிதன் இல்லாத கலியாணம் ஊருக்கு ஊர் நடந்தது. 1967ஆம் வருஷத்தில் அது சட்டமும் ஆயிற்று.

ஆனால் தோழர்களே, கலியாணப் பந்தலை விட்டு வெளியே துரத்திய மந்திரம் எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்? அது ஓடிப்போய் நம்முடைய காலேஜ் வகுப்பறைக்குள் உட்கார்ந்துகொண்டது. அங்கே அதற்குப் பெயர் சமஸ்கிருதம் அல்ல, இங்கிலீஷ். சொல்லுகிறவர் புரோகிதர் அல்ல, புரொபசர். கேட்கிறவனுக்குப் புரியாது என்பதும், புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறான் என்பதும், காணிக்கை மாத்திரம் தவறாமல் வாங்கப்படுகிறது என்பதும் இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

தறிக்காரன் மகன்

சில மாதங்களுக்கு முன் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கூட்டம் பேசப் போயிருந்தோம். கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு தோழர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் கூலிக்கு நெசவு ஓட்டுகிற விசைத்தறிக்காரர். தறிச் சத்தத்துக்கு நடுவிலே அவருடைய மகன் ஒரு தடித்த நோட்டை வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். முதலில் நாம் அந்தப் பையன் ஏதோ ஜபம் செய்கிறான் என்றே நினைத்தோம். விசாரித்ததில் அவன் இஞ்சினீரிங் காலேஜில் எலக்ட்ரிகல் படிப்பு மூன்றாம் வருஷம் படிக்கிறவன் என்றும், ஒரு பரீட்சையில் இரண்டு தடவை தவறிப்போய் மூன்றாம் தடவைக்குத் தயார் செய்கிறான் என்றும் தெரிந்தது.

“என்ன கண்ணு படிக்கிறே?” என்றோம். அரைப் பக்கம் இங்கிலீஷை மூச்சு விடாமல் ஒப்புவித்தான். “அப்படியென்றால் என்ன?” என்றோம். “அதெல்லாம் பரீட்சைக்கு வராதுங்கண்ணா” என்றான்.

நாம் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நமக்குத் தெரிந்த இங்கிலீஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். நோட்டை வாங்கி மெள்ள மெள்ளப் படித்துப் பார்த்தோம். மூன்று லைன் கரண்டில் ஓடுகிற மோட்டாரில் ஒரு லைன் போய்விட்டால் என்ன ஆகும் என்கிற சங்கதி அது. நோட்டை மூடி வைத்துவிட்டு, “கண்ணு, உங்கள் தறி மோட்டாரில் ஒரு பேஸ் போய்விட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டோம்.

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “தறி ஓடிக்கிட்டிருக்கறப்ப ஒரு லைன் போயிருச்சுன்னு வைங்க. மோட்டாரு உடனே நிக்காதுங்க, இழுத்துக்கிட்டேதான் ஓடும். மூணு பேரு தூக்கற பாரத்தை ரெண்டு பேரு தூக்கற மாதிரிங்க. மிச்ச ரெண்டு லைன்லயும் கரண்டு ஏறிப்போகும், உர்ருனு சத்தம் வரும். அப்பவே ஆப் பண்ணாட்டிக் காயில் வெந்து புகைஞ்சிருமுங்க. அதுக்குத்தானுங்க ஸ்டார்ட்டர்ல ரிலே வெச்சிருக்கறது” என்று மளமளவென்று சொன்னான்.

“தம்பி, நீ ஜபம் செய்துகொண்டிருந்த அந்த அரைப் பக்கத்திலும் இதேதான் எழுதியிருக்கிறது” என்றோம். அவன் நோட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தான். “இதுதானுங்களா அது?” என்றான். இரண்டு தடவை தவறிப்போன பாடம் அவன் பத்து வயதிலிருந்து கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட சங்கதி!

தோழர்களே, நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்தப் பையனுக்கு மூளை இல்லையா? படிப்பில் கவனம் இல்லையா? இவன் தவறியது எலக்ட்ரிகல் பரீட்சையிலா, இங்கிலீஷ் பரீட்சையிலா? எலக்ட்ரிகல் தெரிந்தவனை எலக்ட்ரிகல் தெரியாதவன் என்று முத்திரை குத்தி அனுப்புகிற பரீட்சைக்கு யோக்கியதை என்ன இருக்கிறது? அவன் தகப்பனார் நம்மைத் தனியே அழைத்து, “ஏனுங்க, இதுக்கு மேல கடன் வாங்க முடியாதுங்க. பையனை நிறுத்தித் தறிக்கே போட்டுரலாங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த வியாசத்தை எழுதுகிறோம்.

குற்றம் யாருடையது?

இதற்காக வாத்தியார் மேல் பாய்வதில் பிரயோஜனம் இல்லை. பாடம் சொல்லுகிறவரும் அதே தறிக்குடியிலிருந்தோ, காட்டு வேலைக் குடியிலிருந்தோ வந்தவர்தான். அவரும் இப்படியே மனப்பாடம் செய்து தேறியவர்தான். தமிழில் விளக்கினால் பையன்களுக்குப் புரியும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் மேலே இருப்பவர்கள் வகுப்பில் இங்கிலீஷ்தான் பேசவேண்டும் என்கிறார்கள். ஆகவே அவர் இங்கிலீஷில் எழுதி வைத்ததைப் படிக்கிறார். பையன்கள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள். ஒருவரும் ஒருவரையும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கேள்வி இல்லாத இடத்தில் அறிவுக்கு என்ன வேலை? பகுத்தறிவு என்பதே கேள்வியிலே பிறப்பது. கேள்வி கேட்க வாய் வராத பாஷையில் ஒருவனுக்குப் பாடம் சொல்லுவது, அவன் வாயைத் தைத்துவிட்டுச் சோறு போடுவதற்குச் சமானமாகும்.

இது எப்படி வந்தது? 1835இல் மெக்காலே என்கிற வெள்ளைக்கார அதிகாரி ஒரு குறிப்பு எழுதினார். தேசத்தார் எல்லோருக்கும் கல்வி கொடுக்கச் சர்க்காரிடம் பணம் இல்லையென்றும், ஆகவே ஆளுகிறவர்களுக்கும் ஆளப்படுகிறவர்களுக்கும் நடுவில் நின்று பேசுவதற்கு ஒரு கூட்டத்தை இங்கிலீஷ் மூலம் தயார் செய்தால் போதும் என்றும் அவர் கருதினார். 1857இல் சென்னை சர்வகலாசாலை ஏற்பட்டது. அன்றைக்குக் காலேஜுக்குப் போனவர்கள் மிகச் சிலர். அவர்களும் பெரும்பாலும் படித்த குடும்பத்தில் பிறந்தவர்கள். அந்தச் சிலருக்காக வெட்டிய வாய்க்கால் அது. இன்று ஆடு மேய்த்தவன் மகளும், சாயப்பட்டறைக்காரன் மகனும், தோல் வேலைக்காரன் பேரனும் காலேஜுக்கு வருகிறார்கள். இது நம்முடைய இயக்கமும் மற்றவர்களும் பாடுபட்டதன் பலன். வாசலைத் திறந்துவிட்டோம், ஆனால் உள்ளே போனவனுக்கு விளக்கைக் கொடுக்கவில்லை. நடுவில் நிற்கிற கூட்டத்தைத் தயார் செய்யப் போட்ட திட்டத்தை எல்லா மக்களுக்கும் போட்டால் பலருக்குப் படிப்பு எப்படி ஏறும்?

நாம் இங்கிலீஷுக்கு விரோதி அல்ல

உடனே சிலர், “ஓகோ, நீர் இங்கிலீஷ் வேண்டாம் என்கிறீர், பிள்ளைகளைக் கிணற்றுத் தவளை ஆக்கப் பார்க்கிறீர்” என்று சொல்ல வருவார்கள். அவர்களுக்குச் சொல்லுகிறோம்: இங்கிலீஷ் வேண்டும். நன்றாக வேண்டும். இன்று கற்பிப்பதைவிடப் பத்து மடங்கு நன்றாகக் கற்பிக்க வேண்டும். பதினைந்து வருஷம் இங்கிலீஷ் படித்த பையன் ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் நிற்கிறானே, அதுவே இன்றைய முறையின் யோக்கியதைக்குச் சாட்சி. பாடத்தையெல்லாம் இங்கிலீஷில் ஊற்றினால் இங்கிலீஷும் தானாக வந்துவிடும் என்று சொன்னார்கள். இங்கிலீஷும் வரவில்லை, பாடமும் வரவில்லை. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளி அங்கேயே கணக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தால், நீச்சல் வருமா, கணக்கு வருமா?

பெரியார் இங்கிலீஷை ஆதரித்தவர் ஆயிற்றே என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்கலாம். ஆம், ஆதரித்தார். தமிழில் புராணக் குப்பை நிறைந்திருக்கிறது, விஞ்ஞானம் இல்லை என்று கடுமையாகக் கண்டித்தார். வீட்டிலும் இங்கிலீஷ் பேசிப் பழகுங்கள் என்றுகூடச் சொன்னார். இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அவர் கேட்டது மனிதனுக்கு அறிவு வரவேண்டும் என்பது. அறிவு வருகிற வழி என்று அவர் நம்பியதை இன்று பலனை வைத்துப் பரீட்சை செய்து பார்ப்பதுதான் அவருக்கு நாம் செய்கிற மரியாதை. யார் சொன்னாலும் உன் புத்தியைக் கொண்டு யோசித்துப் பார் என்று கற்பித்தவரிடம், அவர் சொன்னதையே வேதவாக்காக வைத்துக்கொண்டு நிற்பது அவருக்கே விரோதமான காரியம் ஆகும்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டாக்டர் அம்பேத்கர் ஜாதியை ஒழிப்பதைப்பற்றி எழுதியது 1936இல் இங்கிலீஷில் வெளிவந்தது. “நீங்கள் முதலில் இங்கிலீஷ் படித்துக்கொண்டு வாருங்கள், பிறகு அதைப் படிக்கலாம்” என்று ‘குடி அரசு’ நம்முடைய பாட்டன்மார்களிடம் சொல்லவில்லை. அதைத் தமிழாக்கி உடனே கொண்டுவந்து கொடுத்தது. பகத்சிங் நாஸ்திகத்தைப்பற்றி எழுதியதையும் அவ்வாறே ஜீவானந்தம் தமிழாக்கினார். அதனால்தான் ஈரோட்டுச் சந்தையில் மூட்டை தூக்குகிறவனும் உலகத்து அறிவோடு பேச முடிந்தது. 1935இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்ததும் இதே நோக்கத்தால்தான். பாஷை ஓர் ஆயுதம். மொக்கையாயிருந்தால் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்த எழுத்துமுறையைச் சர்க்கார் 1978இல் ஏற்றுக்கொண்டது. அச்சுக்கூடத்தில் செய்ததைக் காலேஜில் செய்ய முடியாது என்பது என்ன நியாயம்?

செய்து காட்டியவர்கள் இல்லையா?

தமிழில் உயர்ந்த படிப்பைச் சொல்ல முடியாது என்பவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். சாமுவேல் கிரீன் என்கிற அமெரிக்க டாக்டர் 1847இல் அங்கே வந்தார். வந்தவர் பாதிரிமார் சங்கத்தைச் சேர்ந்தவர். அவர்கள் மதப்பிரசாரத்தில் நமக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அவர் மானிப்பாயில் வைத்தியப் படிப்பை முதலில் இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டு, 1860களில் தமிழுக்கு மாற்றினார். ஊர்ப்புறத்து ஜனங்களோடு இருந்து வைத்தியம் செய்யக்கூடிய டாக்டர்கள் வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகத் தாமே தமிழ் படித்து, அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரனுக்கு முடிந்தது, தமிழ் வயிற்றில் பிறந்த பண்டிதர்களுக்கும் மந்திரிகளுக்கும் முடியாதா?

ஐதராபாத்தில் 1918இல் ஏற்பட்ட உஸ்மானியா சர்வகலாசாலையில் வைத்தியமும் இஞ்சினீரிங்கும் உருதுவில் கற்பித்தார்கள். சுதேச பாஷையில் விஞ்ஞானம் கற்பிக்கலாம் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி. ஆனால் அந்த ராஜ்யத்தில் பெரும்பாலோர் பேசியது தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் ஆகும். ஆளுகிறவனுடைய பாஷையைச் சுதேச பாஷை என்று பெயர் வைத்து மக்கள் தலையில் கட்டியது அதிலுள்ள குறை. இன்று டில்லியிலிருந்து, ‘தாய்மொழியில் படியுங்கள்’ என்று உபதேசம் வருகிறது. 2022இல் போபாலில் டாக்டர் படிப்புப் புத்தகங்களை இந்தியில் வெளியிட்டு விழாவும் எடுத்தார்கள். தாய்மொழி என்று சொல்லிக்கொண்டு இந்தி பின்வாசல் வழியாக வந்தால், அதையும் நாம் ஒப்ப முடியாது. இங்கிலீஷ் மந்திரத்தின் இடத்தில் இந்தி மந்திரத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கு நாம் பாடுபடவில்லை.

மலேயா தேசத்திலும் இதைப் பரீட்சை செய்து பார்த்தார்கள். 2003இல் கணக்கையும் விஞ்ஞானத்தையும் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷில் சொல்லிக்கொடுக்க உத்தரவு போட்டார்கள். ஆறு வருஷம் பார்த்துவிட்டு 2009இல் அந்த உத்தரவைக் கைவிடத் தீர்மானித்தார்கள். செய்ததைத் திரும்பிப் பார்க்கிற தைரியம் அவர்களுக்கு இருந்தது.

கோவையில் நடந்தது என்ன?

நம்முடைய கோவைக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. தமிழில் பட்டப் படிப்பு முதல் முதலாக ஆரம்பிக்கப்பட்டது கோவை அரசினர் கலைக் கல்லூரியில்தான். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் கல்வி மந்திரியாயிருந்தபோது, 1960இல் பி.ஏ. வகுப்பில் தமிழ் போதனா பாஷை ஆயிற்று. ஜி. ஆர். தாமோதரன் நடத்திய ‘கலைக்கதிர்’ விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதியதும் இதே ஊரிலிருந்துதான். பிறகு 2010இல் அண்ணா சர்வகலாசாலை சிவில், மெக்கானிக்கல் இஞ்சினீரிங் வகுப்புகளைத் தமிழில் தொடங்கிற்று. அதே வருஷம், தமிழில் படித்தவர்களுக்குச் சர்க்கார் உத்தியோகத்தில் நூற்றுக்கு 20 இடம் முன்னுரிமை என்று சட்டமும் வந்தது.

இவ்வளவும் இருந்தும் என்ன ஆயிற்று? 2023 மே மாதத்தில், சேருகிறவர்கள் குறைவு என்று சொல்லி, 11 உறுப்புக் கல்லூரிகளில் தமிழ் இஞ்சினீரிங் வகுப்பை நிறுத்துவதாக அண்ணா சர்வகலாசாலை அறிவித்தது. கண்டனம் கிளம்பியதும் அறிவிப்பை வாபஸ் வாங்கிற்று. சேருகிறவர்கள் ஏன் குறைவு என்று யாராவது கேட்டார்களா? தமிழில் படித்தவனுக்குக் கம்பெனிக்காரன் வேலை கொடுப்பானா என்று பெற்றவர்கள் பயப்படுகிறார்கள். மேல்படிப்புக்குப் போனால் அங்கே முழுவதும் இங்கிலீஷ். நல்ல புத்தகம் எல்லாவற்றுக்கும் தமிழில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் தமிழ் என்று மேடையில் முழங்குகிற பெரிய மனிதர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் சேர்த்தார்கள்? ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு, பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வகுப்பு என்று இரண்டு பந்தி போட்டால், இது படிப்பிலே ஒரு புது வருணாசிரமம் அல்லாமல் வேறு என்ன? இந்தப் பந்தி பேதத்தை வைத்துக்கொண்டு, தமிழ் வகுப்பு தோற்றுவிட்டது என்பது, காலைக் கட்டி ஓட்டப்பந்தயத்தில் விட்டுவிட்டு நொண்டி என்று சொல்லுவது போலாகும்.

பண்டிதர்களுக்கும் ஒரு வார்த்தை

இங்கிலீஷ் பக்தர்களைச் சொன்னோம்; தமிழ் பக்தர்களையும் சொல்லாமல் விட முடியாது. தறிக்காரன் மகன் மோட்டார், காயில், பேஸ், ஸ்டார்ட்டர் என்று சொல்லித்தான் அவ்வளவு அழகாக விளக்கினான். பண்டிதர் வந்து அந்த வார்த்தைகளையெல்லாம் தீட்டு என்று விலக்கிவிட்டு, யாரும் எங்கும் பேசாத வார்த்தைகளைக் கட்டிக் கொடுத்தால், பையன் அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஜபம்தான் செய்வான். புரியாதது தமிழாயிருந்தாலும் மந்திரம் மந்திரமே. புது வார்த்தை வேண்டிய இடத்தில் ஆக்கிக்கொள்ளுவோம். பட்டறையிலும் காட்டிலும் ஜனங்கள் வாயில் வழங்குகிற வார்த்தை இருந்தால் அது எந்தத் தேசத்திலிருந்து வந்ததாயினும் வைத்துக்கொள்ளுவோம். பாஷைக்கு மடி ஆசாரம் வேண்டாம்.

இந்தக் கோவையில் மோட்டாரும் பம்பும் செய்யும் தொழில் எப்படி வளர்ந்தது? பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்ட ஜி. டி. நாயுடுவும் அவர் கூட்டாளிகளும் 1937இல் இங்கே மின்சார மோட்டார் செய்தார்கள். அவருக்குப் பின்னால் எத்தனையோ பவுண்டரிக்காரர்களும் லேத் பட்டறைக்காரர்களும் தமிழில் கேட்டு, தமிழில் யோசித்து, கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பட்டறையில் தமிழில் ஓடுகிற மோட்டார் காலேஜில் மாத்திரம் தமிழில் ஓடாதா?

செய்ய வேண்டியது

நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. முதலாவது, எந்தக் காலேஜிலும் வாத்தியார் பையனுக்குப் புரிகிற பாஷையில் விளக்குவதைக் குற்றமாக்கக் கூடாது; தமிழில் விளக்கி, அதே சங்கதிக்கு இங்கிலீஷ் வார்த்தை இன்னது என்று பக்கத்திலேயே எழுதிப்போட வேண்டும். இரண்டாவது, பரீட்சையில் தமிழிலோ இங்கிலீஷிலோ, அல்லது இரண்டையும் கலந்தோ, தெரிந்ததை எழுத விட வேண்டும். திருத்துகிறவர் சங்கதி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, இங்கிலீஷைத் தனியாக, தினந்தோறும் பேசியும் எழுதியும் பழகும் பாஷையாகக் கற்பிக்க வேண்டும். நான்காவது, நல்ல புத்தகங்களை ஜனங்கள் பேசுகிற தமிழில் எழுதுவிக்கச் சர்க்கார் பணம் செலவழிக்க வேண்டும். சிலைக்கும் மாநாட்டுக்கும் செலவழிப்பதில் பாதி போதும். ஐந்தாவது, பந்தி பேதம் கூடாது. மந்திரி பிள்ளைக்கும் தறிக்காரன் பிள்ளைக்கும் ஒரே வகுப்பாயிருக்க வேண்டும்.

இவை வருவதற்கு நாளாகலாம். பெற்றவர்களே, அதுவரையில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை காலேஜிலிருந்து வந்ததும், “இன்றைக்கு என்ன பாடம்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு” என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அவனுக்குப் பாடம் தெரியும். சொல்லத் தெரியாவிட்டால், மறுநாள் வகுப்பில் எழுந்து, “புரியவில்லை, தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்கச் சொல்லி அனுப்புங்கள். புரியவில்லை என்று சொல்லுவதில் வெட்கம் இல்லை. புரியாததைப் புரிந்ததாக நடிப்பதுதான் வெட்கம். புரோகிதன் முன்னால் நாம் விட்ட அந்த வெட்கத்தைப் புரொபசர் முன்னால் மாத்திரம் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

அந்தத் தறிக்காரத் தோழருக்கு நாம் அன்று சொன்ன பதிலும் இதுதான்: “பையனை நிறுத்தாதீர்கள். அவன் தவறவில்லை, அவனுக்கு வைத்த பரீட்சைதான் தவறிப்போயிருக்கிறது.” கூட்டம் முடிந்து நாம் திரும்பும்போது அந்தப் பையன் நோட்டைத் தறி மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இங்கிலீஷ் வரியையும் மோட்டாரைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தான். சர்வகலாசாலை செய்ய வேண்டிய வேலையை அவன் தனியாகச் செய்துகொண்டிருந்தான். அவனைத் தனியாக விடலாமா, தோழர்களே?